அரசு முடங்கினாலும் அறுபது நாள் கெடு நிற்காது

2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை, 43 நாட்கள். செலவுக்கான பட்ஜெட் நிறைவேறாமல் அரசு அலுவலகங்கள் நிற்கும் முடக்கம், அமெரிக்க வரலாற்றில் இவ்வளவு நீண்டதாக அதற்கு முன் நடந்ததில்லை. உடல்நலம் கெட்டு வேலை செய்ய முடியாதவர்கள் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு அமைப்பிடம் உதவித்தொகை கேட்கும் டிஸபிலிட்டி மனுக்களில் வாதாடும் எங்களுக்கு அப்போது வந்த போன்களில் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இந்த மாசம் பணம் வருமா?"

வந்தது. எஸ்எஸ்டிஐ, அதாவது வேலை பார்த்து வரி கட்டியவர்களுக்கான டிஸபிலிட்டி பணம், சம்பளத்தில் பிடித்த வரி சேரும் தனி நிதியிலிருந்து வருகிறது. அதைக் கொடுக்க காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) ஆண்டுதோறும் ஒதுக்கீடு செய்ய வேண்டியதில்லை. வருமானமும் சொத்தும் குறைந்தவர்களுக்கான எஸ்எஸ்ஐக்கு அரசின் பொதுப்பணம்தான் என்றாலும், நிதியாண்டின் முதல் காலாண்டுக்கானது முன்பே ஒதுக்கப்பட்டிருக்கும். ஆண்டுதோறும் ஒப்புதல் தேவைப்படுவது ஊழியர் சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும். அதனால் உதவித்தொகை நிற்காது, அலுவலக வேலைகளில் சில நிற்கும். 2018-19இல் 35 நாள் முடங்கியபோது சோஷியல் செக்யூரிட்டிக்கான பட்ஜெட் ஏற்கெனவே நிறைவேறியிருந்ததால் அங்கே பாதிப்பே இல்லை. 2025இல் அப்படி இல்லை. மனுக்களை வாங்கினார்கள், மேல்முறையீட்டு விசாரணைகளும் நடந்தன. ஆனால் உதவித்தொகைச் சான்றுக் கடிதம், மெடிகேர் (அரசு மருத்துவக் காப்பீடு) அட்டைக்கு நகல் போன்ற வேலைகளை அலுவலகங்கள் நிறுத்திவைத்தன. வாடகை வீட்டுக்குச் சான்று கேட்கிறார்கள் என்றால், மை சோஷியல் செக்யூரிட்டி ஆன்லைன் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். கணக்கு இல்லாதவர்கள் இப்போதே தொடங்கிவையுங்கள்.

என்னைக் கவலைப்பட வைப்பது வேறு விஷயம். உணவகத்தில் சமையல் வேலை பார்த்த ஒருவர், முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை ஆனவர், அக்டோபர் கடைசியில் வந்தார். கையில் செப்டம்பர் 15 தேதியிட்ட நிராகரிப்புக் கடிதம். "ஆபீஸே மூடிக் கிடக்கேன்னு இருந்துட்டேன் சார், திறந்ததும் அனுப்பிக்கலாம்னு." கணக்கைப் பாருங்கள். கடிதம் ஐந்து நாளில் கிடைத்ததாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து மேல்முறையீடு செய்ய 60 நாள். நவம்பர் 19இல் கெடு முடிகிறது. முடக்கம் நீங்கியது 12ஆம் தேதி. அதுவரை காத்திருந்தால் ஒரே வாரம்தான் மிஞ்சியிருக்கும். அன்று மாலையே ஆன்லைனில் மேல்முறையீட்டைப் போட்டோம்.

இன்னொரு மனு போட்டால் போயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். அது அவ்வளவு லேசான விஷயம் இல்லை. கெடு தவறினால் பழைய நிராகரிப்பு நிலைத்துவிடும், அந்தத் தேதி வரையிலான நிலுவைப் பணத்தைத் திரும்பப் பெறுவது மிகவும் கடினம். எஸ்எஸ்டிஐக்குப் பொதுவாகக் கடைசிப் பத்து ஆண்டுகளில் ஐந்து ஆண்டாவது வேலை பார்த்து வரி கட்டியிருக்க வேண்டும். வேலையை விட்டுச் சுமார் ஐந்தாண்டு ஆனதும் அந்தத் தகுதி தீர்ந்துவிடும். இந்த மனிதருக்கு அது 2025 டிசம்பர். புது மனுவில், நிராகரிப்புக்கும் டிசம்பருக்கும் நடுவே உள்ள சில மாதங்களுக்குள் வேலை செய்ய முடியாத நிலைக்கு ஆளானதாக நிரூபிக்க வேண்டியிருந்திருக்கும். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டலாம்தான். ஆனால் ஏற்பதும் மறுப்பதும் சோஷியல் செக்யூரிட்டியின் கையில். "டிவியில் மூடிட்டாங்கன்னு சொன்னாங்க" என்பதை நம்பி என் கட்சிக்காரர் யாரையும் நான் காத்திருக்க விட மாட்டேன்.

விசாரணைக்கும் இதேதான். ரத்து என்று நோட்டீஸோ போனோ வராத வரை, சொன்ன நேரத்தில் தயாராக இருங்கள். தொலைபேசி விசாரணை என்றால் தெரியாத எண்ணையும் எடுங்கள். மருத்துவ ஆவணங்களை விசாரணைக்கு ஐந்து வேலை நாள் முன்பே கொடுத்துவிட வேண்டும், அல்லது இன்னது வர இருக்கிறது என்று எழுதித் தெரிவிக்க வேண்டும். அந்த விதியை முடக்கம் தள்ளிவைக்காது.

மத்திய நீதிமன்றத்துக்குப் போன வழக்குகள் மட்டும் நிஜமாகவே தேங்கின. அரசுத் தரப்பு வக்கீல்கள் அவகாசம் கேட்டார்கள், பல இடங்களில் கிடைத்தது. ஆனாலும் வழக்குத் தொடுப்பதற்கான 60 நாளை யாரும் நீட்டவில்லை.

அப்புறம், அந்த நவம்பரில் ஸ்னாப் உணவு உதவியும் தடைபட்டது. மனு முடிவாகாமல் காத்திருந்தவர்களுக்கு அதுதான் பெரிய அடி. சாப்பாட்டுக்கோ மருந்துக்கோ வழியில்லை, வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்ற நிலை வந்தால், அவசர வழக்காக எடுக்கும்படி கேட்க விதியில் இடம் உண்டு. வீட்டுக்காரர் கொடுத்த நோட்டீஸ், மின் இணைப்புத் துண்டிப்பு அறிவிப்பு, வாங்க முடியாத மருந்தின் சீட்டு, எது இருக்கிறதோ அதை இணைத்து எழுதுங்கள். கேட்காதவரின் கோப்பு வரிசையிலேயே கிடக்கும்.