லெக்சியோ திவினா: "தெய்வீக வாசிப்பு" வேண்டாம், "வேதம் ஓதல்" போதும்

போன வாரம் ஒரு தியானக் கூட்டத்துல கையில ஒரு தாள் குடுத்தாங்க, தலைப்பு "தெய்வீக வாசிப்பு". இந்த வார்த்தைய இத்தனை வருஷத்துல எத்தனை தடவை கேட்டுட்டேன்னு கணக்கே இல்ல, இனிமேலும் சும்மா இருக்க முடியலங்கறதால எழுதறேன்.

பைபிள் வசனத்தை மெதுவா, திரும்பத் திரும்ப, ஜெபத்தோட வாசிக்கிற பழைய கிறிஸ்தவப் பழக்கம் ஒண்ணு இருக்கு, அதுக்கு லத்தீன்ல பேரு லெக்சியோ திவினா, அதைத்தான் இப்படித் தமிழ்ல போடறாங்க. லெக்சியோன்னா வாசிப்பு, அதோட வேர்ச்சொல்லுக்குப் பொறுக்கி எடுக்கறதுன்னும் ஒரு அர்த்தம் உண்டு. 3-ம் நூற்றாண்டுல ஓரிகன்ங்கற கிறிஸ்தவ அறிஞர் தன் சீடருக்கு எழுதின கிரேக்கக் கடிதத்துலயே இந்தச் சேர்க்கை வந்துருச்சு. 6-ம் நூற்றாண்டுல புனித பெனடிக்ட் தன்னோட துறவற ஒழுங்குல இதுக்குன்னே தினமும் நேரம் ஒதுக்கினார். 12-ம் நூற்றாண்டுல இரண்டாம் கிகோங்கற துறவி இதை நாலு படி உள்ள ஏணியா பிரிச்சு எழுதினார். வரலாறு இவ்வளவு போதும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். திவினாங்கறது வாசிக்கிற விதத்தைச் சொல்லல, வாசிக்கப்படுற வேதம் தேவனுடையதுங்கறத சொல்லுது. தமிழ்ல "தெய்வீக"ன்னு முன்னாடி போட்டா என்ன ஆகுது? தெய்வீகக் குரல், தெய்வீக இசைன்னு நாம எப்ப சொல்வோம்? ரொம்ப அருமையா இருந்தா சொல்வோம். அதுலயும் "வாசிப்பு"ன்னா நமக்கு வீணை வாசிப்பு, நாதஸ்வர வாசிப்பும் ஞாபகம் வருமே. விவரம் தெரியாத ஒருத்தர்கிட்ட "தெய்வீக வாசிப்பு"ன்னு சொல்லிப் பாருங்க, யாரோ வித்வானைப் பாராட்டறீங்கன்னுதான் நினைப்பார். ரெண்டு லத்தீன் சொல்லுக்கு அகராதியில ரெண்டு தமிழ்ச் சொல் எடுத்து ஒட்டி வெச்சா அது மொழிபெயர்ப்பு ஆகிடாது. அதைவிட முக்கியம், வாசிப்புன்னா இன்னைக்கு கண்ணால வரிகள் மேல ஓடறது, பேப்பரையும் அப்படித்தான் வாசிக்கறோம், மெசேஜையும் அப்படித்தான் வாசிக்கறோம்.

வேதம் சொல்ற வாசிப்பு அது இல்ல. பைபிள்ல முதல் சங்கீதத்துல "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன்"னு வருதே, அங்க எபிரெயச் சொல் ஹாகா. அது சத்தம் வர்ற சொல். ஏசாயா 31:4-ல சிங்கம் இரையைப் பிடிச்சுக்கிட்டு உறுமறதுக்கு அதே சொல்தான், 38:14-ல "புறாவைப்போல் புலம்பினேன்"னு வர்றதும் அதே சொல்தான். யோசுவா 1:8-ல பாருங்க, வேதம் உன் வாயை விட்டுப் பிரியக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் தியானின்னு சொல்லுது. மனசைப் பத்தி சொல்றதுக்கு முன்னாடி வாயைச் சொல்லுது! தியானம்னு போட்டதை நான் தப்பு சொல்ல மாட்டேன், ஆனா கண்ணை மூடிட்டு சத்தமில்லாம உட்கார்றதுன்னே இப்ப எல்லாரும் அதைப் புரிஞ்சுக்கறாங்க.

வாய், காது, மனசு மூணும் சேர்ந்து செய்யறதுக்கு நம்மகிட்ட ஒரு சொல் ஏற்கனவே இருக்கு, ஓதல். இதைச் சொன்னா உடனே ரெண்டு எதிர்ப்பு வருது. ஒண்ணு, அது மத்த சமயத்தவங்க சொல்றதுன்னு. தேவாரம் ஓதறாங்க, குர்ஆன் ஓதறாங்க, உண்மைதான், ஆனா "ஓதுவது ஒழியேல்"னு ஔவை சொன்னது எல்லாருக்குமான தமிழ், அதை ஏன் நாம விட்டுக்குடுக்கணும்? இன்னொண்ணு, "சாத்தான் வேதம் ஓதுது"ங்கற பழமொழி. ஆமா, மத்தேயு 4-ம் அதிகாரத்துல அவன் சங்கீதத்தையே எடுத்துச் சொல்றான். அதனால ஓதற சொல்லுக்கு என்ன களங்கம்? ஓதியும் மாறாத ஆள்கிட்டதான் குறை. வள்ளுவர் இதை எப்பவோ சொல்லிட்டார், "ஓதி உணர்ந்தும் பிறர்க்குரைத்தும் தானடங்காப் பேதையின் பேதையார் இல்". பிரசங்கம் பண்றவங்க எல்லாரும் மேஜையில எழுதி வெச்சுக்க வேண்டிய குறள்.

சிலர் "பாராயணம்"னு சொல்லிப் பார்க்கறாங்க. அந்த சமஸ்கிருதச் சொல்லுக்கே மறுகரை வரைக்கும் போய்ச் சேர்றதுன்னு அர்த்தம். வருஷத்துக்குள்ள 1189 அதிகாரமும் முடிக்கணும்னு தினம் மூணு நாலு அதிகாரம் வாசிக்கிறவங்களுக்கு அது பொருந்தும். லெக்சியோ திவினாவுல போய்ச் சேர்ற அவசரமே கிடையாது, ஒரு வசனத்துலயே ஒரு வாரம் நிக்கலாம்.

என் அத்தை அப்படி நின்னதை நான் பார்த்திருக்கேன். அவங்களுக்குக் கோபம் சட்டுனு வரும், வார்த்தை தடிச்சுடும். ஒரு சமயம் சங்கீதம் 141:3-ஐப் பிடிச்சுக்கிட்டாங்க, "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்". விரலை அந்த வரியில வெச்சு உதடு அசைய அசைய திரும்பத் திரும்பச் சொல்வாங்க, அப்புறம் புஸ்தகத்தை மூடிட்டு வேலை செய்யறப்பவும் அதே முணுமுணுப்பு. ஒருநாள் நான் ஒரு சாமானைப் போட்டு உடைச்சுட்டேன், திட்டு வரும்னு நின்னேன், அவங்க உதடு மட்டும் அசைஞ்சுது, சத்தம் வரல. கொஞ்ச நேரம் கழிச்சு "கால்ல குத்திடப் போகுது, தள்ளி நில்லு கண்ணு"ன்னாங்க. லெக்சியோ திவினான்னு ஒரு பேர் இருக்கறதே அவங்களுக்குத் தெரியாது.

இந்த மாற்றத்துக்கும் இப்ப "ஆன்மீக உருவாக்கம்"னு ஒரு பேர் வெச்சிருக்காங்க, ஏதோ ஆலையில செஞ்சு எடுக்கற மாதிரி. ரோமர் 12:2-ல "மறுரூபமாகுங்கள்"னு இருக்கே, மலையில இயேசு மறுரூபமானார்ங்கற இடத்துலயும் கிரேக்கத்துல அதே வினைதான், அதுக்குத் தமிழ்லயும் அதே சொல்லைப் போட்டு நம்ம பழைய மொழிபெயர்ப்பாளர்கள் எவ்வளவு அழகா காப்பாத்தி வெச்சுட்டுப் போயிருக்காங்க! இப்ப எழுதறவங்க கையில இருக்கிற தமிழ் பைபிளைத் திறக்காம ஆங்கிலத் தாளைப் பார்த்தே எழுதறாங்க, எனக்கு இருக்கிற வருத்தமே அதுதான்.

கிகோ சொன்ன அந்த நாலு படிக்கும் சொல் தேடி அலைய வேண்டியதில்ல. முதல் படி ஓதல். ரெண்டாவது அசைபோடல், அந்தக் காலத்துத் துறவிகளே மாடு அசைபோடறதைத்தான் இதுக்கு உவமையா சொன்னாங்க. மூணாவது மன்றாட்டு. நாலாவதுக்கு "ஆழ்நிலைத் தியானம்"னு அந்தத் தாள்ல போட்டிருந்தாங்க, அது வேற ஒரு பயிற்சியோட பேரு. சங்கீதம் 46:10-ல "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்"னு இருக்கு. அமர்ந்திருத்தல்னே போடுங்க.