தாவ்குவாங் யாங்ஹுய்: அடக்கமா, ஒடுக்கமா?

சீன வெளியுறவைப் பற்றிப் படிப்பவர்கள் இந்த நான்கெழுத்துத் தொடரை எங்கேயாவது சந்தித்திருப்பார்கள். 'தாவ்' என்றால் வாளுறை, வில்லுறை. அதிலிருந்து 'மறைத்து வை' என்ற பொருள் வந்தது. 'குவாங்' ஒளி. 'யாங்' பேணுதல். எனக்குப் பிடித்தது கடைசி எழுத்து: 'ஹுய்' என்றால் இருள், நிலவில்லாத மாதக் கடைசி நாளுக்கும் அதுவே பெயர். ஆக, ஒளியை உறையில் போடு, இருளைப் பேணு.

சொல் பழையது. 'மூன்று அரசுகள்' என்ற பழைய சீன நாவலில், அதிகாரம் படைத்த சாவ் சாவின் சந்தேகத்துக்குத் தப்ப, பின்னால் அரசராகப்போகும் லியூ பெய் கொல்லையில் காய்கறி போட்டுத் தானே தண்ணீர் ஊற்றுவார். அந்த உத்திக்கு அங்கே பெயர் 'தாவ்ஹுய்', இதன் சுருக்கம்தான்.

1989 தியானன்மென் படுகொலைக்குப் பின் மேற்கு நாடுகள் தடை விதித்தன. கிழக்கு ஐரோப்பாவில் கம்யூனிஸ்ட் ஆட்சிகள் சரிந்தன, 1991இல் சோவியத் ஒன்றியமே கலைந்தது. பதறாமல் கவனியுங்கள், காலூன்றி நில்லுங்கள், தலைமைக்கு ஆசைப்படாதீர்கள் என்று சீனத் தலைவர் தெங் சியாவோபிங் சொன்னதெல்லாம் இந்தத் தொடருக்குள் அடங்கிவிட்டது. 'செய்யவேண்டியதில் கொஞ்சம் செய்' என்று ஒரு வாலும் உண்டு. 2009இல் அப்போதைய அதிபர் ஹூ ஜின்தாவ் அந்த வாலோடு 'முனைப்பாக' என்பதைச் சேர்த்தார். 2013 அக்டோபரில், அண்டை நாட்டு உறவுக்கான மாநாட்டில், அவருக்கு அடுத்து வந்த அதிபர் ஷி ஜின்பிங் 'ஊக்கத்தோடு சாதி' என்றார். வாலே தலையாகிவிட்டது!

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'திறமையை மறை, நேரம் பார்த்திரு' என்பது ஆங்கில வழியாக வந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அறிக்கைகள் பரப்பிய அந்த மொழிபெயர்ப்பில் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது: பின்னால் பாயத்தான் இப்போது பதுங்குகிறார்கள். சீனத் தரப்போ இது வெறும் தன்னடக்கம் என்கிறது. மூலத்தில் 'நேரம் பார்' என்று எந்த எழுத்தும் இல்லை என்பது உண்மைதான். லியூ பெய் கடைசிவரை காய்கறிதான் பயிரிட்டார் என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்பதும் உண்மை.

'அடக்கம்' என்றால் சீனர் பக்கம் சாய்கிறோம். 'ஊக்க முடையான் ஒடுக்கம்' என்று வள்ளுவர் சொல்வது மோதுவதற்காகப் பின்வாங்கும் கிடாயை. அது அமெரிக்கர் பக்கம். போதாததற்கு 'ஒடுக்கம்' இன்று 'ஒடுக்குமுறை'யை வேறு நினைவூட்டுகிறது. என் தேர்வு 'ஒளியடக்கம்'. நோக்கம் என்ன என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. 2013க்குப் பிந்தைய சீனாவுக்கு மட்டும் இதைப் போடவேண்டாம், பொருந்தாது.