பதினோரு மாத மைதானம்

மைதானத்தை யாரும் விற்பதில்லை. "எங்கள் திடலை விற்றுவிட்டார்கள்" என்று கடலூரில் என் அலுவலகத்துக்கு வரும் இளைஞர்களிடம், உள்ளாட்சி வழக்குகளைப் பார்த்துவரும் வழக்கறிஞனாக நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நகரை ஒட்டிய ஒரு பகுதியின் கைப்பந்து அணியினர் கொண்டுவந்த உள்ளாட்சி மன்றத் தீர்மான நகலிலும் விற்பனை என்ற சொல் இல்லை. பொருட்காட்சி நடத்தத் தற்காலிக உரிமம், 11 மாதங்களுக்கு. அந்தப் பதினொன்றில்தான் சூட்சுமம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படிப் பதிவு செய்தாக வேண்டும். பதினொன்றோடு நிறுத்திக்கொண்டால் சார்பதிவாளர் அலுவலகப் பக்கமே போக வேண்டாம். வில்லங்கச் சான்றிலும் தடயம் இருக்காது. முடிந்ததும் புதுப்பித்துக்கொள்ளலாம். அங்கே இரண்டு முறை புதுப்பித்திருந்தார்கள். ராட்டினம் கிளம்பிய பிறகு தரையில் மிஞ்சியவை ஜல்லியும் ஆணியும். பையன்கள் ஆடுவது வெறுங்காலோடு.

கேட்பவர் எப்போதும் பொருட்காட்சிக்காரர்தான் என்று நினைக்க வேண்டாம். காலை நடைக்காரர்கள் சுற்றுப்பாதை கேட்பார்கள். கிரிக்கெட் பயிற்சி நடத்துபவர் வலை கட்டிப் பூட்டும் போடுவார். விளையாட்டின் பெயராலேயே விளையாட இடம் சுருங்குவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவர்களுக்குச் சங்கம் உண்டு, முத்திரை உண்டு, மன்ற உறுப்பினர் வீட்டுக்கு வழியும் தெரியும். மாலையில் பந்தோடு வரும் பத்தாம் வகுப்புப் பையனுக்கு அந்தப் பந்து மட்டும்தான்.

நோக்கம் நல்லதென்றால் போதும் என்பதும் சட்டமில்லை. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவமனையைவிட நல்ல காரணம் யார் சொல்லிவிட முடியும்!

மன்றக் கூட்டத்தில் முடிவுக்கு வைக்கும் இத்தகைய பொருள் பெரும்பாலும் கூட்டம் தொடங்கும்போது கையில் தரப்படும் கூடுதல் தாளில் வரும். குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் நடுவே நாலு வரி. வாசித்து முடிப்பதற்குள் நிறைவேறிவிடும். அதன்பிறகு என்னிடம் வந்தால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான். பணமும் காலமும் கரையும்.

அதற்கு முன்பே வட்டாட்சியர் அலுவலகத்தில் அ-பதிவேட்டை, அதாவது ஒவ்வொரு நிலத்தின் வகையையும் குறித்துவைக்கும் வருவாய்த் துறைப் பதிவேட்டைப் பாருங்கள்: அந்தப் புல எண்ணுக்கு என்ன வகைப்பாடு? மனைப்பிரிவில் பொதுப் பயன்பாட்டுக்கென விட்ட இடமென்றால் அங்கீகரித்த வரைபடத்தில் எப்படிக் குறித்திருக்கிறார்கள்? 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, நகல் மட்டும் கேட்காமல் கோப்பையே பார்வையிட அனுமதி கேளுங்கள். முதல் கடிதம் யாருடையது, யார் பரிந்துரைத்தார்கள் என்பதெல்லாம் கோப்பின் குறிப்புப் பக்கங்களில் இருக்கும். தீர்மான நகலில் அது வராது.

கைப்பந்து அணியினர் அப்படித்தான் பார்த்தார்கள். மூன்றாம் முறை புதுப்பிக்கும் பொருள் வந்தபோது, கூட்டத்துக்கு முதல் நாளே எழுத்துமூல ஆட்சேபம் கொடுத்து ஒப்புகை வாங்கியிருந்தார்கள். பொருள் ஒத்திவைக்கப்பட்டது. ரத்தாகவில்லை, ஒத்திவைப்புதான். இப்போது ஒவ்வொரு கூட்டத்துக்கும் பொருள் நிரல் கேட்டு அலுவலகத்தில் முதலில் போய் நிற்பவர்கள் அவர்கள்தாம்.