அந்த மெழுகுக் கட்டியைத் தொலைத்துவிடாதீர்கள்

2022 மழைக்காலத்தில் டெல்டாப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. வீட்டுத் திண்ணையை ஒட்டிச் சின்ன மளிகைக் கடை வைத்திருப்பவர். ஜவுளிக்கடைப் பை நிறைய எக்ஸ்ரே படங்களை மகன் மேசையில் பரப்பினார். ஏழு மாத இருமல். முதல் படத்தில் நிழல் தெரிந்திருக்கிறது. சளியில் கிருமி எதுவும் தெரியவில்லை. இருந்தும் காசநோய் மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். அந்த அம்மா ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் சாப்பிட்டு முடித்திருக்கிறார். இருமல் நிற்கவில்லை, எடை எட்டுக் கிலோ குறைந்துவிட்டது, வலது நெஞ்சில் நீர் கோத்துவிட்டது. அந்த நீரையும் ஒருமுறை எடுத்திருக்கிறார்கள். சோதனைக்கு அனுப்பாமல் கொட்டிவிட்டார்கள்.

புற்றுநோயாக இருக்கலாம் என்று நான் சொன்னதும் மகன் கேட்டார்: "அம்மாவுக்கு வெற்றிலை பாக்குப் பழக்கம்கூடக் கிடையாதே, டாக்டர்?"

நுரையீரல் புற்றுநோய்க்கு முதல் காரணம் புகைதான், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பீடி, சிகரெட்டைத் தொட்டே இராதவர்களும், அதிலும் பெண்கள், என்னிடம் தொடர்ந்து வருகிறார்கள். சிலருக்கு விறகடுப்புப் புகை, சிலருக்குக் கணவரின் பீடிப் புகை என்று ஊகிக்கலாம். பலருக்குக் காரணம் இன்னதென்று சுட்ட முடிவதில்லை. காசநோய் மிகுந்த நாட்டில் நிழலைப் பார்த்ததும் காசநோய் என்று நினைப்பது இயல்பே. ஆனால் கிருமி உறுதியாகாமல் தொடங்கிய மாத்திரையால் ஆறேழு வாரத்தில் பலன் தெரியவில்லை என்றால் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆறு மாதம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அடுத்து வருவது சதைப் பரிசோதனை. கத்தி பட்டால் நோய் பரவிவிடும் என்ற பயம் இன்னும் வீட்டுக்கு வீடு இருக்கிறது. இந்தப் பயத்தாலேயே எத்தனையோ பேர் நோயை முற்றவிட்டு வருகிறார்கள். உண்மையில், சதையோ நெஞ்சு நீரிலுள்ள செல்லோ எடுத்துப் பார்க்காமல் இன்று நுரையீரல் புற்றுநோய்க்குச் சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்கவே முடியாது.

ஊசியில் வரும் அந்தச் சதை ஒரு சேமியாத் துண்டின் பருமன்தான் இருக்கும். அதை ஃபார்மலினில் ஊறவைத்து மெழுகில் பதித்துக் கட்டியாக்குவார்கள். கட்டைவிரல் அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதில் வெள்ளை மெழுகு, மெழுகுக்குள் நூல் துண்டு போல உங்கள் சதை. இதைத்தான் ஆய்வகத்தில் 'ப்ளாக்' என்பார்கள். அதைத் தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்கு அளவுக்குச் சீவிச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஏற்றிப் பார்க்கிறார்கள். முதல் சீவலில் புற்றா இல்லையா என்று தெரியும், அடுத்தவற்றில் எந்த வகை என்று தெரியும். வகையைக் கண்டறிய ஏற்றும் ஒவ்வொரு சாயத்துக்கும் ஒரு சீவல் போகும். தேவையில்லாத சாயங்களுக்கெல்லாம் சீவித் தள்ளினால், எந்த மருந்து கேட்கும் என்று காட்டும் மரபணுச் சோதனைக்குச் சதை மிஞ்சாது. எலும்பிலிருந்து எடுத்த சதை என்றால், எலும்பை இளக்கும் அமிலத்தில் ஊறியே மரபணு சிதைந்துபோகலாம். ஆகவே சதை எடுக்கும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்: "மரபணுச் சோதனையும் வேண்டும், கூடுதலாக இரண்டு துண்டு எடுங்கள்."

நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களில் 100க்கு 85 பேருக்கு இருப்பது சிறுசெல் அல்லாத வகை. அதற்குள்ளும் சுரப்பித் திசுவில் தோன்றும் அடினோகார்சினோமா என்ற பிரிவில்தான் மரபணு மாற்றங்கள் அதிகம். இந்திய நோயாளிகளில் இந்தப் பிரிவினரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இ.ஜி.எஃப்.ஆர். மரபணுவில் மாற்றம் இருக்கும். வயலுக்குத் தண்ணீர் போதும் என்றால் மடையை அடைத்துவிடுவோம். இந்த மரபணு மாறிவிட்டால் மடை அடைபடுவதே இல்லை, செல்லுக்கு 'வளர், வளர்' என்ற கட்டளை பாய்ந்துகொண்டே இருக்கும். ஜெஃபிடினிப், ஒசிமெர்டினிப் போன்ற மாத்திரைகள் அந்த மடையில் செருகும் பலகை.

ஜெஃபிடினிப் 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது சிலருக்கு மட்டும் அது ஏன் அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று யாருக்கும் புரியவில்லை. மரபணு மாற்றம்தான் காரணம் என்பது 2004இல் தெரிந்தது. ஜெஃபிடினிப் மாத்திரையையும் கீமோவையும் ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆசிய ஆய்வு ஒன்றை நான் ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்வேன். அதில் சேர்ந்த 1,217 பேருமே புகைக்காதவர்கள் அல்லது கொஞ்சமே புகைத்து விட்டவர்கள், எல்லோருக்கும் அடினோகார்சினோமா. வெளியிலிருந்து பார்த்தால் ஒருவருக்கொருவர் வித்தியாசம் தெரியாது. மரபணு மாற்றம் இருந்தவர்களில் 100க்கு 71 பேருக்கு மாத்திரையால் கட்டி சுருங்கியது, கீமோவில் 47 பேருக்கு. மாற்றம் இல்லாதவர்களில் மாத்திரையால் பலன் பெற்றவர் 100க்கு ஒருவர்தான், கீமோவிலோ 23 பேர். ஒரே மாத்திரைதான். 'புகைக்காத பெண்மணி, மாத்திரையே கேட்கும்' என்று சோதிக்காமல் எழுதிக்கொடுப்பதை நான் ஏன் இவ்வளவு கடுமையாக எதிர்க்கிறேன் என்பது இந்த எண்களில் இருக்கிறது.

2007இல் ஜப்பானில் ஏ.எல்.கே. மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். நூற்றில் சிலருக்கே இருக்கும். இருந்தால் அதற்கான மாத்திரைகள் அபாரம். அவற்றில் ஒன்றான லோர்லாடினிப் எடுத்தவர்களில் 60 சதவீதம் பேருக்கு ஐந்து ஆண்டு ஆகியும் நோய் மீண்டும் வளரவில்லை. முற்றிய நுரையீரல் புற்றுநோயில் இப்படி ஓர் எண்ணை என் பயிற்சிக் காலத்தில் நாங்கள் கனவிலும் கண்டதில்லை. மாற்றம் எதுவுமே இல்லாதவர்களுக்கு புற்றுச் செல்லின் மேல் உள்ள பி.டி.எல்.1 என்ற புரதத்தின் அளவைப் பார்த்து எதிர்ப்பாற்றல் சிகிச்சையும் (உடலின் எதிர்ப்பாற்றலையே புற்றின்மேல் ஏவும் ஊசி) கீமோவும் முடிவாகும். ஆரம்ப நிலையில் அறுவை செய்தவர்களுக்கும் இன்று மரபணுச் சோதனை அவசியம்: இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ளவர்களில் அறுவைக்குப்பின் ஒசிமெர்டினிப் எடுத்தவர்களில் 88 சதவீதம் பேர் ஐந்து ஆண்டு கடந்தும் உயிரோடு இருந்தார்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 78 சதவீதம்.

மரபணுச் சோதனை முடிவுகள் வர இரண்டு வாரம்வரை ஆகும். குடும்பங்களுக்கு மிகவும் கொடுமையான நாட்கள் அவை. "நோயை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறோமே, டாக்டர்" என்பார்கள். சும்மா இருப்பதில்லை. மூச்சுத் திணறலுக்கு நீரை எடுக்கிறோம், வலிக்கு மருந்து கொடுக்கிறோம், மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கிறோம். பொறுக்கவே முடியாத நிலை என்றால் ஒரு சுற்றுக் கீமோ கொடுக்கலாம். எதிர்ப்பாற்றல் ஊசியை மட்டும் அவசரப்பட்டுப் போட்டுவிடக் கூடாது. பின்னால் இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் என்று தெரிந்து ஒசிமெர்டினிப் தொடங்கினால், முன்பு போட்ட ஊசியால் நுரையீரல் அழற்சி வரும் ஆபத்து கூடுகிறது.

அந்த அம்மாவுக்கு மறுபடி நீர் எடுத்து, அதிலிருந்த செல்களையும் மெழுகில் பதித்துச் சோதித்தோம். இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம். ஒசிமெர்டினிப் கூடுதல் ஆயுள் தரும், மூளைக்கும் நன்றாகப் போகும் என்று ஒளிக்காமல் சொன்னேன். விலையையும் சொன்னேன். மகன் தலையைக் குனிந்துகொண்டார். ஜெஃபிடினிப் தொடங்கினோம். மூன்றாவது வாரம் முகமெங்கும் மருந்தின் பக்கவிளைவான பருவோடு வந்தார், இருமல் இல்லை. இடையில் பக்கத்து மருந்துக்கடையில் அசிடிட்டி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருந்தார். அதை நிறுத்தினேன், வயிற்று அமிலம் குறைந்தால் ஜெஃபிடினிப் சரியாக உடலில் சேராது. காசநோய் மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசினும் இந்த மருந்தின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். என்ன சாப்பிட்டாலும் சொல்லிவிடுங்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்பது இதனால்தான்.

பதினான்கு மாதம் கழித்துக் கட்டி மீண்டும் தலைகாட்டியது. இப்படிக் கட்டி மருந்துக்கு மசியாமல் போகும்போது ஏறத்தாழ பாதிப் பேருக்கு அதே மரபணுவில் டி790எம் என்ற புது மாற்றம் இருக்கும், அதற்கு ஜெஃபிடினிப் கேட்காது, ஒசிமெர்டினிப் கேட்கும். கட்டியிலிருந்து உதிரும் மரபணுத் துணுக்கைத் தேடும் இரத்தச் சோதனையிலேயே அது தெரிந்தது, ஒசிமெர்டினிப்புக்கு மாற்றினோம். 2024 ஜூலை நிதிநிலை அறிக்கையில் அந்த மருந்துக்குச் சுங்க வரி நீங்கியது கொஞ்சம் கைகொடுத்தது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். நாற்பது வயதுகூட ஆகாதவர். வேறோர் ஊரில் சதைப் பரிசோதனை செய்து, அறிக்கையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். ப்ளாக் எங்கே என்றால் யாருக்கும் தெரியவில்லை. ஆய்வகத்தில் தேடச் சொல்லி, அலைந்து, கிடைக்காது என்று கைவிரிக்க மூன்று வாரம். இரத்தத்தில் எதுவும் தெரியவில்லை. இரத்தத்தில் தெரியாததால் மாற்றம் இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது. மறுபடி ஊசி போட்டுச் சதை எடுத்தோம். ஏ.எல்.கே. என்று முடிவு வந்த அன்று அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். மருந்து வந்து சேர்ந்த இரவு அவர் இல்லை.

ஆகவே ப்ளாக்கை எழுதிக்கேட்டு வாங்குங்கள். அறிக்கையில் உள்ள எண்ணும் ப்ளாக்கின் மேல் எழுதிய எண்ணும் ஒன்றா என்று அங்கேயே நின்று பாருங்கள். வெயிலில் நிறுத்திய காரில் வைக்காதீர்கள், மெழுகு உருகிவிடும். மளிகைக் கடை அம்மாவின் மகன் தம் அம்மாவுடையதை எவர்சில்வர் டப்பாவில் போட்டுச் சாமி அலமாரியில் வைத்திருக்கிறார். சென்ற மாதம் இன்னொரு சோதனைக்காகக் கேட்டேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கொண்டுவந்துவிட்டார்.