மிக்சர் டப்பாவும் பத்தாத ஜாக்கெட்டும்

"ராத்திரி பதினோரு மணிக்கு லைட்டைக்கூடப் போடாம, நின்னுட்டே சாப்பிடுவேனுங்க. சத்தம் வராம டப்பா மூடியைத் திறக்கப் பழகிட்டேன்."

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கும் பெண். (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) வாயைக் கட்ட வழி கேட்டு என்னிடம் ஆலோசனைக்கு வந்தார்.

பேசப் பேசத்தான் சீர் வீட்டுக் கதை வந்தது. பெரியம்மா முறை ஒருவர் பந்தியில் வைத்து, "என்ன அம்மிணி, அரிசி மூட்டையாட்டம் ஆயிட்டே" என்று சிரித்திருக்கிறார். நம் பக்கம் இதற்குப் பாசம் என்று பெயர். சொன்னவர் அன்றைக்கே மறந்திருப்பார். இவரோ மறுநாளிலிருந்து காலையில் வெறும் டீ, மதியம் பாதி டிபன் பாக்ஸ். பொழுதுக்கும் நின்று வேலை பார்த்து, சூப்பர்வைசரிடம் ஏச்சும் வாங்கி வீடு வந்தால், எல்லோரும் தூங்கியபின் மிக்சர் டப்பா. தின்று முடித்ததும் கண்ணாடியைப் பார்க்கவே கூசும். அந்தக் கூச்சத்தில் மறுநாளும் பட்டினி.

1975இல் வெளியான ஓர் ஆய்வில், முதலில் மில்க் ஷேக் குடிக்கவைத்து அப்புறம் ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். டயட்டில் இருந்தவர்களோ, மில்க் ஷேக் குடிக்காத டயட்காரர்களைவிட அதிகமாகத் தின்றார்கள். 'போனது போச்சு' என்ற நினைப்புதான். இது தெரிந்தும் தொழிலுக்கு வந்த புதிதில் நானே முதல் நாளே டயட் சார்ட் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்களில் பலர் திரும்பி வரவில்லை.

மனசு சரியில்லாத நாளில் ரெண்டு வர்க்கி கூடுதலாகத் தின்பது நோயல்ல. ஆனால் வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதமாக, நிறுத்த முடியாமல் அளவுமீறித் தின்று குன்றிப்போகிறீர்கள் என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 2013இலேயே அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இதைத் தனி நோயாகச் சேர்த்துவிட்டது. தின்றதை வாந்தி எடுக்கிறீர்கள் என்றால் மூன்று மாதமெல்லாம் காத்திருக்க வேண்டாம். உடனே பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் 14416, கட்டணம் இல்லை.

அவருக்கு முதலில் சொன்னது இரண்டுதான். ஒரு மணிக்கு அரிசிம்பருப்போ எதுவோ, வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். பத்தாத ஜாக்கெட்டை டெய்லரிடம் கொடுத்து உள்தையலைப் பிரிக்க வேண்டும்.

"இளைச்சுட்டுப் போட்டுக்கலாம்னு ரெண்டு வருசமா பீரோவுலயே வெச்சிருக்கேனுங்க" என்றார்.

மூன்று வாரம் கழித்து அந்த ஜாக்கெட்டில்தான் வந்தார். மிக்சர் இப்போதும் உண்டாம். சாயங்காலம், தட்டில் போட்டு, மகளோடு உட்கார்ந்து.