ஸ்ட்ரெச்சர் குடை சாயாமல் இருப்பது எப்படி?

மேலூர்ப் பக்கம் அறுவடைக் காலத்தில் ஒரே மாட்டு வண்டி ஒரு நாள் நெல் மூட்டையும் மறுநாள் வைக்கோலும் சுமக்கும். எடை மிகுந்த மூட்டை வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறிவிடும். எடை குறைந்த வைக்கோல் வண்டிதான் வரப்பில் குடை சாயும். பாரம் உயர உயர அதன் ஈர்ப்பு மையமும், அதாவது முழு எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளியும், உயர்கிறது; அந்த மையத்திலிருந்து நேர் கீழே இறங்கும் கோடு சக்கரங்களுக்கு வெளியே விழுந்த கணத்தில் வண்டி கவிழ்கிறது.

ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சருக்கும் இதே கணக்குதான். இடது வலது சக்கரங்களுக்கு இடையே 55 செ.மீ. இருப்பதாகக் கொள்வோம். நோயாளியோடு சேர்ந்த ஈர்ப்பு மையம் 85 செ.மீ. உயரத்தில் இருந்தால், ஏறத்தாழ 18 பாகை பக்கவாட்டில் சாய்ந்தாலே அது கவிழ்ந்துவிடும். படுக்கையைத் தாழ்த்தி மையத்தை 40 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 34 பாகை வரை தாங்கும். இவை அசையாமல் நிற்கும்போது கிடைக்கும் அளவுகள். உருண்டு செல்லும்போது ஒரு குலுக்கலும் சேர்ந்துகொள்வதால், அதைவிடக் குறைந்த சாய்விலேயே ஆபத்து வந்துவிடுகிறது. நீளவாக்கில் சக்கரங்கள் வெகுதூரம் தள்ளி இருப்பதால் அந்தத் திசையில் கவிழ்வது அரிது. ஆகவே சரிவை எப்போதும் நேராக ஏறி இறங்க வேண்டும், குறுக்காகக் கடக்கக் கூடாது.

மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்திலிருந்து என் பெரியப்பாவை அழைத்துச் சென்றபோது, சாக்கடை மூடியின் விளிம்பில் முன்சக்கரம் முட்டி நின்றுவிட்டது. பதறிப்போன உறவினர்கள் ஆளுக்கொரு பக்கம் மேல்கம்பியைப் பற்றி இழுக்க, ஒரு பக்கத்துச் சக்கரம் தரையை விட்டு எழும்பியதை நான் பார்த்தேன். மேலே பிடித்துப் பக்கவாட்டில் இழுப்பது, கவிழ்ப்பதற்கு நெம்புகோல் போடுவதைப் போன்றது. ஊழியர் எல்லோரையும் கையை எடுக்கச் சொல்லி, படுக்கையைத் தாழ்த்தி, தலைமாட்டில் ஒருவரும் கால்மாட்டில் ஒருவருமாகத் தூக்கிக் கடத்தினார்.

சக்கரத்தின் அளவும் இதில் பெரும் பங்கு வகிக்கிறது. 3 செ.மீ. உயர விளிம்பை ஏற, 20 செ.மீ. விட்டமுள்ள சக்கரத்தின் அச்சில், அது தாங்கும் எடைக்கு ஏறத்தாழச் சமமான கிடைவிசை (தரைக்கு இணையான தள்ளல்) போதும், 10 செ.மீ. சக்கரத்துக்கோ அந்த எடையைப்போல இரு மடங்குக்கும் மேல் வேண்டும். மாட்டு வண்டிக்கு ஆளுயரச் சக்கரம் பூட்டியவர்கள் இதை அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

வாகனத்துக்குள் ஏற்றிய பின் ஆபத்தின் திசை மாறுகிறது. நோயாளியின் தலை ஓட்டுநர் பக்கம் இருப்பதால், திடீரென்று பிரேக் பிடிக்கும்போது உடல் தலைப்பக்கமாக வழுக்குகிறது. மார்பு, இடுப்பு, கால் ஆகியவற்றின் குறுக்கே கட்டிய பட்டைகள் அந்த வழுக்கலை முழுமையாகத் தடுக்க இயலாது. தோள்களின் மேல் வரும் பட்டையே தடுக்கும். ஐரோப்பியத் தர விதியான இஎன் 1789, புவியீர்ப்பைப்போல 10 மடங்கு முடுக்கத்தைப் பிணைப்புகள் தாங்க வேண்டும் என்கிறது. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 700 கிலோ பாரத்துக்கு ஒப்பாகும். பெரியப்பாவுக்கு இறுக்குகிறது என்று நாங்கள் கழற்றச் சொன்னது அந்தத் தோள் பட்டையைத்தான். ஊழியர் அதைச் சற்றே சரிசெய்தார். கழற்ற மட்டும் சம்மதிக்கவே இல்லை.