வலிக்குப் 'பங்களிக்கும்' காரணிகளா?

முதுகுவலி, மூட்டுவலி ஆய்வுகளைத் தமிழில் தரும் செய்திகளில் 'வலிக்குப் பங்களிக்கும் காரணிகள்' என்ற தொடர் தவறாமல் வந்துவிடுகிறது. அண்மையில் ஒரு மருத்துவக் கையேட்டில் 'புகைபிடித்தல் முதுகுவலிக்குக் கணிசமாகப் பங்களிக்கிறது' என்று படித்தபோது, கோயில் திருப்பணி நன்கொடையாளர் பட்டியலில் பீடிக்கட்டின் பெயரையும் பொறித்துவிட்டார்களோ என்று தோன்றியது.

இது 'கான்ட்ரிபியூட்டிங் ஃபேக்டர்' என்பதன் நேர்பெயர்ப்பு. முதற்சொல் பங்கிடுதலையும் அடுத்தது செய்பவரையும் குறித்த இலத்தீன் சொற்களிலிருந்து வந்தவை. ஆங்கிலத்தில் அந்த வினை நன்மைக்கும் தீமைக்கும் பொதுவாகிவிட்டது. தமிழில் 'பங்கு அளி' அப்படி ஆகவில்லை. 'கொடையளி செங்கோல் குடியோம்பல்' என்று வேந்தனுக்குரியவற்றுள் ஒன்றாகக் குறள் (390) எண்ணும் அளி, அருளைக் குறிப்பது. பங்களிப்பு என்றதும் இன்றும் நம் மனத்தில் எழுவது கல்விப்பணியும் கலைப்பணியும்தானே தவிர, தேய்ந்த முழங்கால் அன்று.

இதற்கு மாற்றாகச் சிலர் எழுதும் 'ஆபத்துக் காரணி' இன்னும் மோசம். அங்கே மூலச்சொல்லான 'ரிஸ்க் ஃபேக்டர்' சுட்டுவது நோய் வரக்கூடிய வாய்ப்பின் மிகுதியையே. ஆபத்து என்றாலோ படிப்பவர் உயிருக்கு அஞ்சுவார். 'இடர் காரணி'யும் பொருந்தாது. 'இடராழி நீங்குகவே' என்று பொய்கையாழ்வார் பாடிய இடர் ஏற்கெனவே வந்து வருத்தும் துன்பம். வரக்கூடும் என்ற ஐயநிலைக்கு அதில் இடமில்லை.

நம்மிடமோ துணைக்காரணம் என்ற சொல் நெடுங்காலமாக இருக்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் திகிரி என்னும் சக்கரமும் துணைக்காரணம், குயவர் நிமித்தகாரணம் என்பது சைவசித்தாந்தம் படித்தோர் அறிந்த பாடம். திகிரியின்றிக் குடம் இல்லை, புகைக்காதவருக்கும் முதுகு வலிக்கிறதே என்று யாரேனும் மறுக்கலாம், மறுப்பு நியாயமானதுதான். எனினும் தத்துவ வரையறையை அப்படியே மருத்துவத்துக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. சொல்லின் பொதுப்பொருளே போதும். குற்றத்துக்குத் துணைபோதல் என்று தீமைக்கும் வழங்குவதால், 'புகைபிடித்தல் முதுகுவலிக்குத் துணைபோகிறது' என்னும்போது காது உறுத்துவதில்லை.

பொருளளவிலும் இச்சொல்லே தகும். பெரும்பாலான கீழ்முதுகுவலிக்கு எலும்பிலோ ஜவ்விலோ இன்னதுதான் மூலம் என்று சுட்ட முடிவதில்லை. அதாவது முதற்காரணம் பிடிபடுவதில்லை. 2023இல் 'தி லான்செட் ரூமட்டாலஜி' இதழில் வெளியான உலகளாவிய நோய்ச்சுமைக் கணக்கீட்டின்படி, 2020இல் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகுவலி இருந்தது. அதனால் நேர்ந்த முடக்கத்தில் ஏறத்தாழ 39 விழுக்காட்டையே பணியிடத்து உடற்சுமை, புகைபிடித்தல், உடற்பருமன் ஆகிய மூன்றின் கணக்கில் சேர்க்க முடிந்தது. எஞ்சிய பெரும்பகுதி அந்த மூன்றுக்கும் வெளியே நிற்கிறது. இந்தக் கணக்கைப் படித்துவிட்டு 'முதுகுவலிக்குக் காரணம் சிகரெட்' என்று தலைப்பிடும் மொழிபெயர்ப்பாளர், துணை என்ற இரண்டெழுத்தை முன்னால் சேர்த்திருந்தால் ஆய்வு சொன்னதையே சொல்லியிருப்பார்.